ஆக்ஸிலேட்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்க்ரூ: குழந்தைகள் குவாட் பைக்கின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு நடை சில இடங்களில் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு சின்னப் பொருளை எடுத்திருக்கேன். ரிசார்ட்டுகளில், மலை ஊர்களில் குழந்தைகள் ஓட்டுற நாலு சக்கர பைக் பார்த்திருப்பீங்க. ஏடிவி, குவாட் பைக், எப்படி வேணாலும் சொல்லிக்கலாம். அதோட ஹேண்டில்பாரில் ஆக்ஸிலேட்டர் நம்ம பைக் மாதிரி முறுக்குறது கிடையாது. வலது கட்டைவிரலால் தள்ளுற ஒரு லீவர். அந்த லீவர் இருக்கிற பெட்டியில் ஒரு ஸ்க்ரூ நீட்டிக்கிட்டு இருக்கும், கூடவே ஒரு லாக் நட். அந்த ஸ்க்ரூவை உள்ளே திருகினா, லீவர் பாதி தூரத்துக்கு மேல போகாது. வெளியே எடுத்தா முழுசா போகும்.

கேள்வி இதுதான். வண்டியை வேகமா போக விடாத ஒரு ஸ்க்ரூவை, வண்டியைச் செய்யுற கம்பெனியே ஏன் வைக்கணும்? அது மட்டுமில்லை. அதே வண்டியில் பல மாடல்களில் பிரேக் பிடிக்காம செல்ஃப் அடிச்சா ஸ்டார்ட் ஆகாது. பின்னாடி ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தா எஞ்சின் நின்னுடும். சில மாடல்களில் பெரியவங்க கையில் ஒரு ரிமோட் இருக்கும், அதை அழுத்தினாலும் நின்னுடும். ஓடுறதுக்காகச் செய்த ஒரு மெஷினில், அதை ஓடாம நிறுத்துறதுக்கு இத்தனை ஏற்பாடு.

நம்மில் நிறைய பேர் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கோம். பழைய கோடில் எதுக்குன்னே தெரியாத ஒரு இஃப் கண்டிஷன் கிடக்கும். டீமில் புதுசா சேர்ந்தவங்களுக்கு அதை டெலீட் பண்ணக் கை அரிக்கும். அப்போ சீனியர் ஒருத்தர் சொல்வார்: 'முதல்ல கிட் பிளேம் போட்டுப் பாரு.' அந்த வரியை யார், எப்போ, எந்தப் பிரச்சினைக்காக எழுதினாங்கன்னு பார்த்துட்டுக் கை வை. இன்னைக்கு இந்தக் குட்டி வண்டிக்கு நாம கிட் பிளேம் போடப்போறோம்.

வெள்ளிமலையிலிருந்து வந்த கேள்வி

இந்த எபிசோடுக்குக் காரணம் என் காலேஜ் ஜூனியர் ஒருத்தன். ஊர் வெள்ளிமலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா மேலே ஏறினா வரும். கல்வராயன்மலை தாலுகாவுக்குத் தலைமையிடம் அதுதான். கள்ளக்குறிச்சி 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆச்சு இல்லையா, அந்த மாவட்டத்தோட மலைப் பகுதி இது. மரவள்ளிக் காடு, சாமை, அருவிகள். கோடை விழா நடக்கிற நாட்களில் கீழேயிருந்து கூட்டம் ஏறி வரும்.

அவங்க வீட்டில் டூரிஸ்ட்டுக்காக ரெண்டு ரூம் கட்டியிருக்காங்க. வர்ற குடும்பங்களின் குழந்தைகளுக்காக, சேலத்தில் ஒருத்தர்கிட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் குவாட் பைக் வாங்கிட்டு வந்திருக்கான். சீசன் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது போன் பண்றான்.

'அண்ணா, வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. தள்ளி, நோண்டி எப்படியோ ஸ்டார்ட் ஆனாலும் நின்னுடுது. ஓடினாலும் பாதி ஆக்ஸிலேட்டர்தான் போகுது. மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தாரு. ரெண்டு வயரைக் கட் பண்ணி டைரக்ட் குடுத்துடலாம், அந்த ஸ்க்ரூவைக் கழட்டிட்டா வண்டி பறக்கும்னாரு. குடுத்துடவா?'

அந்த மெக்கானிக் திறமையானவர், அதில் சந்தேகமே இல்லை. அவர் சொன்ன வழியில் வண்டி நிச்சயம் ஓடும். ஆனா அந்த வண்டியில் முதலில் ஏறப்போறது என் ஜூனியரோட அக்கா பொண்ணு. ஏழு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், 'மாமா, வண்டி ரெடியா?'ன்னு தினமும் கேட்டுக்கிட்டு இருக்கா. அதனால, 'எதையும் கட் பண்ணாதே, நாளைக்கு வீடியோ கால் வர்றேன்'னு சொன்னேன். அந்த ராத்திரி படிச்சதுதான் இந்த எபிசோடின் முதல் பாதி.

குளிர்காலத்தில் விற்க ஒரு வண்டி

1967. அமெரிக்காவில் ஹோண்டா பைக் விற்கிற டீலர்களுக்கு ஒரு பிரச்சினை. குளிர்காலம் வந்தா பனி கொட்டும், யாரும் பைக் வாங்க மாட்டாங்க. 'அந்த மாசங்களில் விற்க ஏதாவது கொடுங்க'ன்னு கம்பெனியைக் கேட்டார்கள். அந்த வேலை ஒசாமு டகேயுச்சி என்ற ஹோண்டா பொறியாளரிடம் போனது.

அவர் ரெண்டு சக்கரம், மூணு, நாலு, அஞ்சு, ஆறுன்னு எல்லாத்தையும் யோசித்துப் பார்த்தார். பனியிலும் சேற்றிலும் மூணு சக்கரம் நல்லா வேலை செய்தது. ஆனா சாதாரண டயர் பனியில் புதையும். அந்தக் காலத்தில் ஆம்ஃபிகேட் என்று ஆறு சக்கர வண்டி ஒண்ணு இருந்தது, நிலத்திலும் தண்ணியிலும் போகும். அதில் பலூன் மாதிரி உப்பின, காற்றழுத்தம் ரொம்பக் குறைந்த டயர். அந்த யோசனைதான் திருப்பம். 1970-ல் யுஎஸ்90 என்ற பெயரில் வண்டி விற்பனைக்கு வந்தது. 89 சிசி எஞ்சின், 22 இஞ்ச் டயர், விலை 595 டாலர். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. டயர்தான் சஸ்பென்ஷன். பிறகு பெயரை ஏடிசி90 என்று மாற்றினார்கள். 1971-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்'-ல் ஷான் கானரி ஓட்டிட்டுப் போறது இந்த வண்டிதான்.

மூணு வருஷத்தில், 1973-ல், அதையே சின்னதாக்கி ஏடிசி70 வந்தது. இது குழந்தைகளுக்கு. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். உப்பின டயர், குட்டி சீட்டு, அதிக வேகமும் இல்லை. இதில் என்ன ஆபத்துன்னு பெற்றோருக்குத் தோணாதது இயல்புதான்.

திரும்பும்போது என்ன ஆகும்?

இப்போ கொஞ்சம் இயற்பியல். காரில் பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகணும், அதனால அது வேகமா சுத்தும். உள்பக்கச் சக்கரம் மெதுவா சுத்தும். இந்த வண்டிகளில் அது கிடையாது. ரெண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருக்கும், ஒரே வேகத்தில் சுத்தும். அதனால வண்டிக்கு நேராகப் போகத்தான் விருப்பம். திருப்பணும்னா ஓட்டுறவர் உடம்பைச் சாய்த்து, உள்பக்கச் சக்கரத்தின் மேல் இருக்கிற எடையைக் குறைத்து, அதைக் கொஞ்சம் வழுக்க விடணும். சைக்கிள் ஓட்டிப் பழகின யாருக்கும் இது தானா வராது.

இதோட மூணு சக்கரத்தின் பிரச்சினையைச் சேர்த்துக்கோங்க. வளைவில் பிரேக் பிடிச்சா எடை முன்பக்கமா, வெளிப்பக்கமா பாயும். அந்த மூலையில் தாங்கிப் பிடிக்கச் சக்கரமே இல்லை. நம்ம ஊர் ஷேர் ஆட்டோ வேகமா வளையும்போது உள்ளே உட்கார்ந்திருந்தவங்களுக்கு இது வயிற்றிலேயே தெரியும். பெரிய ஆள்னா உடம்பைச் சாய்த்து வண்டியைச் சமாளிக்கலாம். இருபது, இருபத்தஞ்சு கிலோ இருக்கிற குழந்தை என்ன சாய்ந்தாலும் வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சுஸுகி 1983 மாடலாக எல்டி125 என்ற குவாட்ரன்னரைக் கொண்டுவந்தது. பெரிய அளவில் விற்பனைக்கு வந்த நாலு சக்கர ஏடிவி-களில் அதுதான் முதல்னு சொல்வாங்க. அடுத்த வருஷமே எல்டி50 என்று ஒரு குட்டி நாலு சக்கர வண்டி, முழுக்கக் குழந்தைகளுக்காக. கியர் மாத்துற வேலையே இல்லை, கட்டைவிரலைத் தள்ளினா போகும். இன்னைக்கு வெள்ளிமலையில் நிக்கிற வண்டிக்கு இது ஒரு வகையில் பெரியப்பா.

1987 டிசம்பர்

நாலாவது சக்கரம் வந்ததும் பிரச்சினை தீர்ந்துடலை. மூணு சக்கர வண்டிகளும் கூடவே விற்றுக்கிட்டுதான் இருந்தன. அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்ற அரசு அமைப்பு இறப்புகளை எண்ணத் தொடங்கியது. 1982-லிருந்து 1987 வரை ஏடிவி விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 900 பேர். அதில் கிட்டத்தட்ட பாதிப்பேர் 16 வயதுக்குக் கீழே.

1987 டிசம்பரில் அரசு நீதிமன்றத்துக்குப் போனது. ஹோண்டா, யமஹா, சுஸுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய 5 கம்பெனிகளும் ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு வந்தன. 1988 ஏப்ரலில் நீதிமன்றம் அதை ஏற்றது. 10 வருஷத்துக்குச் செல்லும். புது மூணு சக்கர ஏடிவி விற்பனை நின்றது. 12 வயதுக்குக் கீழே இருந்தா 70 சிசி-க்கு மேல் கூடாது, 16 வயதுக்குக் கீழே இருந்தா 90 சிசி-க்கு மேல் கூடாது. எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டணும், வாங்குறவங்களுக்கு இலவசப் பயிற்சி தரணும். ஆனா ஏற்கெனவே வீடுகளில் இருந்த மூணு சக்கர வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கணும்னு அதில் இல்லை. அன்னைக்கே இதுக்கு எதிர்ப்பு இருந்தது.

1990-ல் தொழில்துறையே சேர்ந்து ஒரு தரநிலையை வெளியிட்டது. அது பிறகு பலமுறை திருத்தப்பட்டது. அந்தத் திருத்தங்களில்தான் நம்ம ஸ்க்ரூ எண்ணாகவே வருது. 6 வயதுக்கான வண்டின்னா, வேகக் கட்டுப்பாடு போட்ட நிலையில் மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். கட்டுப்பாட்டை எடுத்தாலும் 15 மைல், அதாவது 24 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 12 வயதுக்கான வண்டிக்கு இது 24, 48 கிலோமீட்டர். கம்பெனி வண்டியை வாடிக்கையாளரிடம் தரும்போது கட்டுப்பாடு போட்ட நிலையில்தான் தரணும். அதைக் கழட்டுறதுன்னா, குழந்தை ஓட்டிப் பழகினதைப் பார்த்துட்டுப் பெரியவங்க எடுக்கிற முடிவு.

2008-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தத் தரநிலையைச் சட்டமாகவே ஆக்கியது. 2009 ஏப்ரலிலிருந்து அமல். இறக்குமதி வண்டிகளுக்கும் சேர்த்து.

ஈயம் என்ற பக் 

இங்கே ஒரு கிளைக்கதை. அதே 2008 சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. குழந்தைகளுக்கான எந்தப் பொருளிலும் ஈயம் ஒரு அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. பொம்மைகளில் ஈயப் பெயின்ட் வந்ததற்கு எதிரான நல்ல சட்டம். ஆனா குழந்தைகள் குவாட் பைக்கும் 'குழந்தைகளுக்கான பொருள்' இல்லையா? பேட்டரி முனை, டயர் வால்வு, கார்பரேட்டரில் இருக்கிற பித்தளைப் பாகங்கள், எல்லாத்திலும் கொஞ்சம் ஈயம் இருக்கும். குழந்தை கார்பரேட்டரைக் கழட்டி வாயில் வைக்காது. இருந்தாலும் 2009 பிப்ரவரியில் சட்டம் அமலுக்கு வந்ததும் டீலர்கள் சின்ன வண்டிகளை ஷோரூமிலிருந்து எடுத்துட்டார்கள்.

விளைவு என்னன்னு யோசிச்சுப் பாருங்க. சின்ன வண்டி கிடைக்கலைன்னா குழந்தை அப்பாவோட பெரிய வண்டியில் ஏறும். குழந்தைகள் அதிகமா அடிபடுறதே பெரியவங்க வண்டியில்தான். பாதுகாப்பு ஆணையமே அந்த ஆபத்தைச் சொல்லி, 2009 மே மாதம் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்தது. 2011 ஆகஸ்டில் சட்டத்தையே திருத்தி இந்த வண்டிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

இந்தக் கதையை ஏன் சொல்றேன்னா, பாதுகாப்பு விதி எல்லாமே புனிதமானதுன்னு நான் சொல்ல வரலை. தப்பான விதியும் வரும். அதையும் காரணம் பார்த்துத்தான் கண்டுபிடிச்சாங்க, காரணம் பார்த்துத்தான் எடுத்தாங்க. வேகக் கட்டுப்பாட்டு ஸ்க்ரூவை அப்படி யாரும் எடுக்கலை.

மெக்கானிக் அண்ணனுக்கு ஏற்கெனவே தெரிந்த எஞ்சின்

இன்னைக்கு இந்தியாவில் கிடைக்கிற விலை குறைந்த குட்டி குவாட் பைக்குகளில் நிறைய, சீனாவில் செய்த 110 சிசி எஞ்சின் உள்ளவை. சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும். அது ஹோண்டா கப் குடும்பத்தின் நகல். 1958-ல் வந்த சூப்பர் கப், 2017-ல் 10 கோடி வண்டி என்ற எண்ணைத் தொட்டது. டகேயுச்சியின் யுஎஸ்90-ல் இருந்ததும் படுத்த சிலிண்டர்தான். நம்ம ஊர் ஸ்ப்ளெண்டரின் 97 சிசி எஞ்சினும் அதே வம்சம். அதாவது, ஸ்ப்ளெண்டரைக் கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டி மாட்டுற ஒருத்தருக்கு இந்த எஞ்சின் புதுசே இல்லை. புதுசா இருக்கிறது எஞ்சினைச் சுற்றி இருக்கிற அந்த 'ஓடாதே' ஏற்பாடுகள் மட்டும்தான்.

செல்ஃப் எடுக்கலை, ஸ்டார்ட் ஆகலை, நிக்கலை

சரி, வீடியோ கால். 'ஸ்டார்ட்டிங் ட்ரபிள்'னு ஒரே பெயரில் சொல்றதில் மூணு வேற வேற பிரச்சினை இருக்கு. முதலில் அதைப் பிரிக்கணும்.

முதல் வகை: பட்டனை அழுத்தினா எதுவுமே நடக்கலை. மோட்டார் சுத்தவே இல்லை. பேட்டரியைப் பார்க்கணும். சீசன் முடிஞ்சு எட்டு மாசம் மூலையில் நின்ற வண்டின்னா பேட்டரி இறங்கியிருக்கும். பேட்டரி சரின்னா, அடுத்தது வண்டி வேணும்னே மறுக்குதான்னு பார்க்கணும். நியூட்ரலில் இருக்கா? சிவப்பு கில் சுவிட்ச் ஆன் பக்கம் இருக்கா? பிரேக் பிடிச்சிருக்கோமா?

'அண்ணா, பிரேக் பிடிச்சாத்தான் செல்ஃப் எடுக்கும்னு வித்தவர் சொல்லவே இல்லையே!'

பிடிச்சும் எடுக்கலை. இடது பிரேக் லீவருக்கு அடியில் குட்டியா ஒரு சுவிட்ச் இருக்கும். அதோட வயர் முனை கழண்டு, பச்சைப் பாசி பிடிச்சிருந்தது. மெக்கானிக் கட் பண்ணி 'டைரக்ட்' கொடுக்கலாம்னு சொன்ன ரெண்டு வயரில் ஒண்ணு இதுதான். ஏன் கூடாது? இந்த வண்டியில் கிளட்ச் தானா பிடிக்கும், எஞ்சின் வேகம் ஏறினா போதும். குழந்தை இடது கையால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது, பதற்றத்தில் வலது கட்டைவிரலும் அழுந்தும். கியரில் இருந்து, பிரேக்கும் பிடிக்காம இருந்தா, ஸ்டார்ட் ஆன அதே நொடியில் வண்டி பாயும். அதைத் தடுக்கத்தான் அந்த சுவிட்ச். முனையை உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு மாட்டினார். செல்ஃப் எடுத்தது.

ரெண்டாவது வகை: மோட்டார் சுத்துது, ஆனா எஞ்சின் பிடிக்கலை. பிளக்கில் பொறி வருதா, பெட்ரோல் வருதா, இந்த ரெண்டு கேள்விதான். பொறி இல்லைன்னா உடனே சிடிஐ போச்சுன்னு முடிவு பண்ணக்கூடாது. பின்னாடி தொங்குற கயிறு சரியா செருகியிருக்கா, ரிமோட் இருந்தா அது நிறுத்தி வச்சிருக்கான்னு பார்க்கணும். பல வண்டிகளில் கில் வயரை பாடியில் தொட வச்சுத்தான் பொறியை நிறுத்துவாங்க. அதனால அந்த வயர் எங்காவது உரசித் தோல் உரிஞ்சிருந்தாலும் பொறி வராது. சோதிக்கிறதுக்காக அந்த வயரை ஒரு நிமிஷம் பிரிக்கலாம். பின் சக்கரம் ரெண்டும் தரையில் படாம தூக்கி நிறுத்தி, குழந்தைகளைத் தள்ளி நிற்க வச்சுட்டு. பொறி வந்துச்சுன்னா கோளாறு அந்த வயரிலேயே இருக்கு. சோதனை முடிஞ்சதும் வயரைச் சரி பண்ணித் திரும்ப மாட்டணும். நிறைய இடத்தில் இந்தக் கடைசி வேலைதான் நடக்கிறதில்லை. பிரிச்சதும் வண்டி ஓடுது, அதை அப்படியே டேப் சுத்தி விட்டுடுறாங்க. அதுக்கப்புறம் அந்தக் கயிறு வெறும் கயிறு. அவசரத்தில் இழுத்தா எஞ்சின் நிக்காது.

மூணாவது வகை: சோக் போட்டா ஸ்டார்ட் ஆகுது, சோக்கை எடுத்தா நின்னுடுது. வெள்ளிமலை வண்டிக்கு ரெண்டாவது வியாதி இதுதான். கார்பரேட்டரில் ஸ்லோ ஜெட்னு பித்தளையில் ஒண்ணு இருக்கும். அதோட துளை அரை மில்லிமீட்டர்கூட கிடையாது. மாசக்கணக்கா நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படிவு அந்தத் துளையை அடைக்கும். இப்போ நம்ம பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் வாஷர்களுக்கும் அது ஆகாது. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற, கரும்பு விளையுற மாவட்டத்தில் எத்தனாலைக் குறை சொல்றது நியாயமில்லைதான். நிறுத்தி வைக்கும்போது டேங்கையும் கார்பரேட்டர் கிண்ணத்தையும் காலி பண்ணிட்டா இந்தப் பிரச்சினையில் பாதி வராது.

அடைச்ச ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தக்கூடாது, துளை பெரிசாகும். கார்பரேட்டர் கிளீனர் அடிச்சு, காற்று ஊதிச் சுத்தம் பண்ணணும். அதையும் அவரே பண்ணினார். அவர் கை அதுக்குன்னே பிறந்த மாதிரி இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு புது பைக்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஆயிடுச்சு. இன்னும் பத்து வருஷத்தில் கார்பரேட்டரை இப்படிச் சுத்தம் பண்ணத் தெரிந்தவங்க எத்தனை பேர் இருப்பாங்களோ.

மலையில் இன்னொரு விஷயமும் சேரும். கல்வராயன்மலை சுமார் 2,000-லிருந்து 4,000 அடி வரை உயரம். 3,000 அடியில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தை விட 8, 9 சதவீதம் குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுத்த அதே பெட்ரோலைத்தான் கொடுக்கும். பிளக் கறுப்பாகும், பிக்கப் கொஞ்சம் மந்தமாகும். சேலத்தில் நல்லா ஓடின வண்டி மேலே வந்ததும் இளைச்சுப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியா, ஸ்டார்ட் ஆகி அஞ்சு நிமிஷம் ஓடி நின்னா, டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்க. உடனே சரியாச்சுன்னா மூடியில் காற்று போற துளை அடைச்சிருக்கு.

ஆக்ஸிலேட்டர்: குறைவா போறதை விட, திரும்பாததுதான் ஆபத்து

'பாதிதான் போகுது' என்ற புகார்தான் நம்ம ஆட்களுக்கு முதலில் கண்ணில் படும். ஆனா பார்க்க வேண்டியது எதிர்ப்பக்கம். எஞ்சின் ஆஃப் பண்ணிட்டு, லீவரை முழுசா தள்ளி விடுங்க. 'டக்'குன்னு திரும்பி வரணும். ஹேண்டில்பாரை முழு இடது, முழு வலது திருப்பியும் இதே சோதனை. மெதுவா வந்தா கேபிள் துருப்பிடிச்சிருக்கு, இல்லைன்னா கார்பரேட்டர் ஸ்லைடில் அழுக்கு. எஞ்சின் ஓடும்போது ஹேண்டில்பாரைத் திருப்பினா தானா ரேஸ் ஆகுதுன்னா, கேபிள் எங்கேயோ இழுபடுது. ஐடிலிங்கிலேயே வண்டி நகரப் பார்த்தா, ஐடிலிங் அதிகம், இல்லைன்னா கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் காற்று கசியுது. இதில் எது இருந்தாலும் அன்னைக்குக் குழந்தை ஏறக்கூடாது.

கட்டைவிரல் லீவருக்கும் காரணம் இருக்கு. முறுக்குற ஆக்ஸிலேட்டரில், வண்டி குதிச்சு உடம்பு பின்னாடி சாய்ந்தா கை தானா இன்னும் முறுக்கிடும். கட்டைவிரல் லீவரில் அது நடக்கிற வாய்ப்பு ரொம்பக் குறைவு. கை நழுவினா ஸ்பிரிங் அதை மூடிடும்.

இதெல்லாம் பார்த்து முடிச்ச பிறகு அந்த ஸ்க்ரூவுக்கு வந்தோம். அதில் கோளாறு எதுவும் இல்லை. அது தன் வேலையைச் செஞ்சுக்கிட்டு இருந்தது.

ஜூனியரோட அப்பா கேட்டது நியாயமான கேள்வி. 'தம்பி, ஒரு ரவுண்டுக்கு இவ்வளவுன்னு காசு வாங்குறோம். வண்டி நடந்து போற மாதிரி போனா எந்தப் புள்ள திரும்ப ஏறும்?' நான் வரலாறு பேசலை, கணக்கு சொன்னேன். 16 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு நாலரை மீட்டர் போகும். 24-ல் ஆறரை மீட்டருக்கு மேல். 48-ல் பதிமூணு மீட்டர். பயந்துபோன குழந்தை கட்டைவிரலை எடுக்க ஒரு நொடின்னு வச்சுக்கோங்க. உங்க களத்தோட நீளம் எவ்வளவு, அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

அந்தப் பக்கம் சரிவு. கீழே மரவள்ளிக் காடு. அவர் கொஞ்ச நேரம் அந்த ஓரத்தைப் பார்த்துட்டு, மகனிடம், 'ஸ்க்ரூ இருக்கட்டும்டா'ன்னார். ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கினாங்க. ஹெல்மெட் இல்லாம ஏத்துறதில்லை, ஒரு ஆளுக்கு மேல் ஏத்துறதில்லை. கயிறு எப்பவும் பெரியவங்க ஒருத்தர் கையில்.

ரோட்டுக்கு வந்தா?

நம்ம சட்டத்தையும் ஒரு நிமிஷம் பார்த்துடலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்பதற்கான விளக்கத்தில் ஒரு விலக்கு இருக்கு: நாலுக்குக் குறைவான சக்கரம், 25 சிசி-க்கு மேற்படாத எஞ்சின். நம்ம குட்டி வண்டிக்கு நாலு சக்கரம், அதனால அது பொம்மைக் கணக்கில் தப்பிக்க முடியாது. பொது இடத்தில் 18 வயதுக்குக் கீழே இருக்கிறவர் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது. 50 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 16. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அதனால அந்த வண்டி களத்தைத் தாண்டி வெள்ளிமலை ரோட்டில் இறங்கினா கதையே வேற.

ஆனா அந்தப் பிரிவுகள் பொது இடத்துக்கு. வேலிக்குள்ளே, சொந்தக் களத்தில், டிராஃபிக் போலீஸ் வந்து நிற்கப்போறதில்லை. அங்கே மிஞ்சி இருக்கிற பாதுகாப்பு அந்த ஸ்க்ரூவும், பிரேக் சுவிட்சும், கயிறும், பக்கத்தில் நிற்கிற ஆளும்தான்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். இந்த ஏற்பாடு எல்லாம் சரியா இருந்தாலும் ஆபத்து தீர்ந்துடுச்சுன்னு அர்த்தமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், 16 வயதுக்குக் கீழே யாருமே ஏடிவி ஓட்டக்கூடாதுன்னுதான் இன்னைக்கும் சொல்லுது. 1982-லிருந்து 2016 வரை அந்த நாட்டில் இறந்த 16 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 3,000-க்கும் அதிகம். இந்த எண்ணையும் ஜூனியர்கிட்ட சொன்னேன். வண்டியை வச்சுக்கிறதா வேண்டாமான்னு அவங்க வீட்டில் பேசட்டும், அது அவங்க முடிவு. வச்சுக்கிட்டா எதைக் கழட்டக் கூடாதுன்னு மட்டும் இப்போ அவங்களுக்குத் தெரியும்.

மெக்கானிக் அண்ணன் கேட்ட ஒரு கேள்வியோட முடிச்சுக்கிறேன். எல்லாம் முடிஞ்சு கை துடைச்சுக்கிட்டே சொன்னார்: 'இந்த மாதிரி வண்டி கீழ கச்சிராயபாளையத்துல ரெண்டு, கள்ளக்குறிச்சியில ஒண்ணு பார்த்திருக்கேன் தம்பி. எல்லாத்துலயும் இந்த வயரு டைரக்ட்தான் இருந்துச்சு. எதுக்குன்னு யாரும் சொல்லலையே?' 900 பேர் இறந்த பிறகு ஒரு நாடு கத்துக்கிட்டது, வண்டியோட இங்கே வந்துச்சு. அதுக்கான காரணம் மட்டும் கூட வரலை. அந்தக் காரணத்தைத் தமிழில் ஒரு இடத்தில் சொல்லி வைக்கணும்னுதான் இந்த எபிசோட்.

உங்க வீட்டில், ஊரில், 'இது எதுக்குன்னே தெரியலை'ன்னு ஒரு ஸ்க்ரூ, ஒரு சுவிட்ச், ஒரு வால்வு இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. யார், எப்போ, ஏன் வச்சாங்கன்னு சேர்ந்து தேடுவோம். அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.